பந்தலுக்குப் பழியாக ஒரு குருவிக்கூடு

தம்பி,

இதைக் கல்யாண வாழ்த்து என்று நினைத்து ஆரணிக்கும் சேர்த்து வாசித்துக் காட்டத் தொடங்கிவிடாதே. முதலில் தனியாக இருந்து வாசி. உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நீயும் ஆரணியும் குடிபோகிற ஒஷாவா வீட்டின் திறப்பு கைக்கு வந்துவிட்டது, உன் அறையில் பாதி காட்போட் பெட்டிகளுக்குள் போய்விட்டது. வீட்டை விட்டுப் போகிற பிள்ளைக்குத் தாய் நாலு நல்ல வார்த்தை எழுதுவது வழக்கம். நானும் எழுதத்தான் இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை அந்த எண்ணம் எனக்கு இருந்தது. அதற்குப் பிறகு இல்லை. நல்ல வார்த்தைகளை மிசிசாகாப் பெரியப்பா மேடையில் மைக் பிடித்துச் சொல்வார். அவருக்கு அது நன்றாக வரும். நான் எழுதப்போவது குருவிக்கூட்டைப் பற்றி.

"அம்மா, அந்தக் குருவிப் பெட்டியில ஒண்டை எங்களுக்குத் தாங்கோவன், பாக்யாட்டில கொழுவினா கியூட்டா இருக்கும்" என்று கேட்டாய். ஒரு பெட்டியை இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில், சமையலறை மேசையிலேயே வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டிக்குள் குடிவருகிற ரென் என்ற குட்டிக் குருவியைக் கூப்பிடும் விதத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு மனமிருக்காது. வாசல் துளை இரண்டு டொலர் நாணயத்தின் அளவுக்கு மேல் போகக்கூடாது. போனால் சிட்டுக்குருவி நுழைந்து குடியேறிவிடும். வாசலுக்கு முன்னால் குந்துவதற்குத் தடி வைக்காதே. ரென்னுக்கு அது தேவையில்லை, கள்ளருக்குத்தான் உதவும். உன் தலைக்கு ஒரு முழம் மேலே, பற்றைக்குக் கிட்டவாக, காற்றில் ஆடாதபடி கொழுவு. வெட்டின கொப்புகளைக் குப்பைக்குப் போடாமல் ஒரு மூலையில் குவித்துவை. பூச்சிமருந்து அடிக்காதே. மே மாதம் பிறந்ததும் ஆண் குருவி வரும். கண்ட பெட்டியில் எல்லாம் சுள்ளியை அடைத்துவிட்டு, அத்தனையும் தன்னுடையது என்று கத்தும். பிறகு பெண் குருவி வந்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். அதனால் இரண்டு மூன்று பெட்டியாவது வேண்டும். வீடு பார்க்கிற காலத்தில் ஆரணி உன்னை டூரம் பகுதி முழுக்க இழுத்துத் திரிந்ததை நினைத்துக்கொள்.

ஆனால் நான் குருவியில் ஆசைப்பட்டு இந்த வேலையைத் தொடங்கவில்லை. பக்கத்து வீட்டு முட்டைகளை உடைக்கத்தான் தொடங்கினேன். நான்கு வருடமாக இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. உனக்கு ஒரு மறைவு இருப்பதுபோல எனக்கும் ஒன்று இருந்தது.

ராசன் அங்கிளை உனக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ அவரை மறந்தவன்போல நடக்கிறாய். சென் ஜேம்ஸ் ரவுணில் அவரும் மலர் அன்ரியும் நாங்களும் ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவில் இருந்தோம். எலிவேற்றர் பழுதான நாட்களில் பதினாலாம் மாடிக்கு உன்னைத் தோளில் சுமந்துகொண்டு ஏறியவர் அவர். அப்பா இரண்டு கையிலும் சாமான் பையோடு பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். ஸ்காபரோவில் அடுத்தடுத்து இரண்டு வீடு விலைக்கு வந்தபோது இரண்டு குடும்பமும் ஒரே கிழமையில் குடிவந்தோம். எயார்போர்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவருக்குக் குருவிப் பைத்தியம் பிடித்தது. முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்த கமரா ஒன்று வாங்கினார். தன் லைலாக் மரத்தில் பெட்டி கொழுவி, கறுப்புத் தொப்பி போட்ட சிக்கடிக் குருவி குஞ்சு பொரிப்பதைப் படமெடுப்பார். அப்பா வேலிக்கு இந்தப் பக்கம் பாவற்கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே கேலி பண்ணுவார். ஒருநாள் ராசன் அண்ணை என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, என்ன குருவியையும் கூப்பிடுங்கோ, உந்த ரென் குருவியை மட்டும் கூப்பிட்டுடாதேங்கோ. ஆள் கட்டைவிரல் அளவுதான். ஆனா பக்கத்துக் கூட்டுக்குள்ள போய் முட்டையெல்லாம் குத்திப்போட்டு வந்து, ஒண்டும் தெரியாத மாதிரிப் பாடும்." அந்தச் சொல் எனக்குள் அப்படியே கிடந்தது.

அப்பாவின் பந்தல் உனக்குத் தெரியும். இரும்புக் குழாய் நட்டு, குறுக்கே பலகை அடித்து, கம்பி இழுத்து, வேலியோடும் ஷெட் கூரையோடும் சேர்த்துக் கட்டியது. வேலிக்கு மேல் நாலடி உயரம். புடலங்காய் நேராகத் தொங்க இடம் வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் உயர்த்திக்கொண்டே போனார். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து வந்த பிறகும் ஷெட் கூரையில் ஏறினார். நீ கெஞ்சினாய், சத்தம் போட்டாய், ஏணியை ஒளித்துவைத்தாய். அவர் மேசையை வைத்து ஏறினார். அந்த ஓகஸ்டில் நகரசபையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். முறைப்பாடு வந்திருக்கிறது, பந்தல் அளவுக்கு மிஞ்சின உயரம், எடுக்கவேண்டும் என்றார். யார் முறைப்பாடு செய்தது என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அவர் கையில் ஒரு படம் இருந்தது. எட்டிப் பார்த்தேன். மேலிருந்து எடுத்த படம். பந்தல், ஷெட் கூரை, கூரையில் அப்பா மறந்துவிட்டு வந்த வெள்ளைத் தொப்பி. எங்கள் பின்வளவை மேலிருந்து பார்க்கக்கூடிய யன்னலும், நாள் முழுக்கக் கமராவும் யாரிடம் இருக்கிறது? எனக்கு இரண்டாம் யோசனை வரவில்லை.

"ராசன் உப்பிடிச் செய்யான். உமக்கென்ன விசரே?" என்று அப்பா கேட்டார். நான் விடவில்லை. அவர் வேலியடிக்குப் போய் ராசன் அண்ணையோடு பேசாதபடி பின்கதவைப் பூட்டித் திறப்பை என் சேலை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் பந்தலைப் பிரித்த அன்று மட்டும் திறந்துவிட்டேன். ஒருவரையும் உதவிக்கு வரவிடாமல், சுட்டெரிக்கிற வெயிலில், ஒரே நாளில் அவ்வளவு குழாயையும் தானே பிடுங்கினார். ராசன் அண்ணை வேலிக்கு மேலால் கூப்பிட்டார்: "மச்சான், பொறு, நான் வாறன்." "ஒருத்தரும் வரத் தேவையில்லை" என்று நான் சொன்னேன். அன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள் அப்பா போய்விட்டார். இது எப்பவோ வரவிருந்தது, பந்தலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டொக்டர் சொன்னார். நான் டொக்டரை நம்பவில்லை. எனக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருந்தார்.

செத்தவீட்டில் நடந்ததை நீ மறந்திருக்க முடியாது. சவப்பெட்டி தூக்குகிறவர்களின் வரிசையில் அவர் தானாகவே வந்து நின்றார், முன்பக்கம், வலது கைப்பிடி. நான் உன்னைக் கூப்பிட்டு, அந்த ஆள் என் புருசனைத் தொடக்கூடாது, போய்ச் சொல் என்றேன். நீ போனாய். "அங்கிள், அம்மா வேண்டாமாம்" என்றாய். அவர் கைப்பிடியை விட்டுவிட்டுச் சுவரோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த இடத்தில் நீ போய் நின்றாய். அந்தக் கைப்பிடியை நீதான் பிடித்தாய், தம்பி. இதை இன்னொருமுறை வாசி.

அதன் பிறகு நான் பழிவாங்கினேன். சந்தோசமாகத்தான் வாங்கினேன், பொய் சொல்ல மாட்டேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ராசன் அண்ணை வீட்டுக்குச் சொல்லவில்லை. மலர் அன்ரி வருடப்பிறப்புக்குப் பலகாரம் அனுப்பிய எவர்சில்வர்ச் சட்டியை நன்றாகக் கழுவித் துடைத்து வெறுமையாகத் திருப்பி அனுப்பினேன். எங்கள் ஆட்கள் வீட்டில் ஒருவருடைய சட்டி வெறுமையாகப் போகாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்போம். வெறுஞ்சட்டியைப் பார்த்தாலே அவளுக்கு விளங்கும் என்று எனக்குத் தெரியும். விளங்கியும் அவள் அடுத்த வருடம் அனுப்பினாள். நானும் அதேபோல வெறுமையாகவே திருப்பி அனுப்பினேன். ஆனால் இதெல்லாம் எனக்குப் போதவில்லை. அவருக்கு எது உயிரோ அது உடையவேண்டும் என்று இருந்தது.

முதல் வசந்தத்தில் ரென் வரட்டும் என்று கடையில் ஒரு பெட்டி வாங்கிக் கொழுவினேன். நம்முடைய புத்தி எங்கே போகும்? காகத்துக்கு வைப்பதுபோல வாழையிலைத் துண்டில் சோறும் பருப்பும் வைத்து, கிழக்குப் பார்க்கப் பெட்டியைத் திருப்பி, அதன் நெற்றியில் ஒரு மஞ்சள் பொட்டும் வைத்தேன். அணில் வந்தது, புறா வந்தது, ஒரு ரக்கூன் குடும்பமே வந்தது. பெட்டியில் சிட்டுக்குருவி ஏறிக்கொண்டது. சோறு வைத்து வராத ஒரு குருவி இருக்கிறது, அது சிலந்தியும் புழுவும்தான் தின்னும் என்று நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் பார்த்தபிறகுதான் தெரிந்தது. அதே புத்தகத்தில்தான் துளையின் அளவும் இருந்தது. நான் உன்னைக் கூப்பிட்டு, அப்பாவின் பந்தலில் மிஞ்சின பலகையில் மூன்று பெட்டி செய்து தரச் சொன்னேன். இரண்டு டொலர் நாணயத்தைப் பலகையில் வைத்துப் பென்சிலால் வட்டம் கீறித் தந்தேன். "நல்லது அம்மா, உங்களுக்கும் ஒரு ஹொபி வேணும்தானே" என்று சொல்லி ட்ரில்லால் நீதான் துளைத்தாய். உனக்குத் தெரியாமல்தான் துளைத்தாய், அதை உன் கணக்கில் போடவில்லை.

அவருடைய சிக்கடிக் கூட்டுக்கு மிகக் கிட்டவாக, வேலியோரம் மூன்றையும் கொழுவினேன். மே முதல் கிழமையில் ரென் வந்தது. இவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு சத்தம் எங்கிருந்து வருகிறதோ தெரியாது. மூன்று பெட்டியையும் சுள்ளியால் அடைத்துவிட்டு, வேலிக் கட்டையில் நின்று வாலை நிமிர்த்திக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்துக் கத்தியது. நான் தேத்தண்ணிக் கோப்பையோடு யன்னலில் இருந்தேன். மூன்றாம் நாள் காலை அது லைலாக்குக்குப் பறந்தது. பெட்டிக்குள் போனது. வெளியே வந்தது. திரும்பப் போனது. தாய்ச் சிக்கடி கொப்பில் நின்று அங்குமிங்கும் பாய்ந்து கத்தியது. நான் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. கடைசிவரை குடித்து முடித்தேன்.

மத்தியானம் ராசன் அண்ணை வேலிக்கு வந்தார். கையில் ஒரு பேப்பர் பிளேட், அதில் ரிஷ்யூ விரித்து ஆறு முட்டை. வெள்ளையில் சிவப்புப் புள்ளி. ஒவ்வொன்றிலும் ஊசியால் குத்தினதுபோல ஒரு ஓட்டை. "தங்கச்சி, உங்கட ரென் செய்த வேலையைப் பாருங்கோ" என்றார். கோபம் ஒன்றும் இல்லை அந்தக் குரலில். "பரவாயில்லை. அதுக்குத் தன்ரை குடும்பம் பெரிசு. அதுக்கு என்ன தெரியும்?" வேலிக்கு அந்தப் பக்கம் மலர் அன்ரி மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அன்று இரண்டு பிளேட் சோறு இறங்கியது. அடுத்த வருடம் அவர் தன் பெட்டியைக் கழற்றி வேலிக்கு மேலால் நீட்டினார். இனி இங்கே சிக்கடி நிற்காது, உங்களிடமாவது இருக்கட்டும் என்றார். தோற்றுப்போனவன் தருகிற கப்பம்போல அதை வாங்கி, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் ஷெட் சுவரில் அறைந்தேன். ஒரு குருவியும் அதில் ஏறவில்லை.

இதற்கிடையில் நான்கு மாரியும் பனி கொட்டினபோதெல்லாம் அவர் எங்கள் ட்ரைவ்வேயில் சினோ வழித்தார். நீ ஷிப்ட் முடிந்து வருவதற்குள் வழித்து, உப்பும் தூவிவிட்டுப் போயிருப்பார். குற்றம் செய்த நெஞ்சு அவரைச் சும்மா இருக்க விடவில்லை என்று நான் உனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "விடுங்கோ அம்மா" என்பாய். உனக்கு என்னைவிட நல்ல மனசு என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ரென் குருவியைப் படமெடுக்க என்று உன் பழைய போனை இந்த வசந்தத்தில் தந்தாய் அல்லவா? போன கிழமை நான் எடுத்த படத்தை மலிவான ஒரு சட்டத்தில் போட்டு உங்கள் புதுவீட்டுக்குத் தரலாம் என்று தேடினேன். விரலால் தள்ளத் தள்ளப் படங்கள் பழசாகிக்கொண்டே போயின. குருவி முடிந்தது, உன் பட்டமளிப்பு வந்தது, பிறகு பந்தல் வந்தது. மேலிருந்து எடுத்த படம். ஷெட் கூரையில் வெள்ளைத் தொப்பி. அதிகாரியின் கையில் பார்த்த அதே படம், வெட்டாமல் முழுசாக. படத்தின் கீழ் மூலையில் ஒரு தட்டு மோர்மிளகாய் காய்கிறது. உன் அறை யன்னலில் நான் காயவைத்த தட்டு. மணக்குது, எடுங்கோ என்று நீ சண்டைபிடித்த தட்டு. நகரசபைக்கு அனுப்பும்போது அதை மட்டும் வெட்டிவிட்டிருந்தாய். அதன்பிறகு வெளியே போய் நின்று ராசன் அண்ணையின் மாடியை நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய யன்னலுக்கும் எங்கள் ஷெட்டுக்கும் நடுவில் லைலாக் மரம் நிற்கிறது. அங்கிருந்து கூரையில் தொப்பி தெரியாது. நான்கு வருடம் நான் அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உனக்கு நான் தரக்கூடிய புத்திமதி இந்த ஒன்றுதான்: ஒருவரில் கோபம் வந்தால், முதலில் எழும்பிப் போய் அவர் வீட்டு யன்னலிலிருந்து என்ன தெரியும் என்று பார்.

அப்பா விழுந்து சாகக்கூடாது என்றுதான் நீ முறைப்பாடு செய்தாய். அதை நான் நம்புகிறேன். நீ என்னிடம் வந்து சொல்லியிருந்தால், நானே படம் எடுத்துத் தந்திருப்பேன். அவர் சாவுக்கு உன்னைக் குற்றம் சொல்லவில்லை; டொக்டர் சொன்னதை இப்போதாவது நம்பப் பழகுகிறேன். உனக்கு அது பயமாக இருந்திருக்கும், நான் உன்னை என்ன செய்வேனோ என்று. அதுவும் விளங்குகிறது. ஆனால் பயம் ஒரு நாள் இருக்கலாம், ஒரு மாதம் இருக்கலாம். நான்கு வருடம், தம்பி! பெட்டியின் கைப்பிடியிலிருந்து அவர் கையை எடுக்கச் சொல்லிவிட்டு, உன் கையை அதில் வைத்தாயே, அதற்கு எந்தப் பயத்தைச் சொல்வாய்? எனக்குப் பொங்குகிறது. நான் பழிவாங்குவதை நிறுத்திவிட்டேன் என்று நினைக்காதே. ஆளைத்தான் மாற்றியிருக்கிறேன்.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது நீதியாக இராது. அப்பாவின் கடைசிப் பன்னிரண்டு நாளும் அவரை வேலியடிக்குப் போகவிடாதது நான். அவர் நண்பனோடு ஒரு வார்த்தை பேசாமல் போனார். பூட்டின கதவுக்கு உள்ளே நின்று கண்ணாடியால் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அது உன் வேலை அல்ல. அந்த ஆறு முட்டையும் என் வேலை. ரென் பெட்டிகளை இப்போதே கழற்றி எறியலாம் என்று போனேன். ஒன்றுக்குள் தாய்க் குருவி அடையிருக்கிறது. குடியிருக்கிற கூட்டைக் கலைக்க இந்த நாட்டில் சட்டம் விடாது, என் மனமும் விடவில்லை. இதை எழுதும்போதும் வெளியே கத்திக்கொண்டுதான் இருக்கிறது. பாவம், அதற்கு நான் ஏன் கூப்பிட்டேன் என்று தெரியாது.

இனி நீ செய்யவேண்டியது. மணவறையில் நான் உனக்குப் பக்கத்தில் இருக்க மாட்டேன், புருசன் இல்லாதவள் இருப்பதில்லை என்று ஐயர் சொல்லிவிட்டார், அதற்காக நான் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. தாய் தகப்பன் இடத்தில் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் இருத்துவதாகப் பேசியிருந்தோம். நேற்றுப் பெரியப்பாவுக்குப் போன் எடுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் கறுத்திருக்கும், பரவாயில்லை, மைக் அவருக்குத்தான். அந்த இடத்தில் ராசன் அண்ணையும் மலரும் இருப்பார்கள். அத்தனை சனத்துக்கும் முன்னால் நீ குனிந்து அவர் காலைத் தொடவேண்டும். கைப்பிடியிலிருந்து எடுக்கச் சொன்ன அந்தக் கை உன் தலையில் இருக்கவேண்டும். எதற்காகத் தொடுகிறாய் என்று உன் வாயாலேயே அவருக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும். தெரிந்தபிறகு அவர் வர மறுத்தால், அந்தக் கதிரை இரண்டும் வெறுமையாகவே இருக்கட்டும், யார் கேட்டாலும் காரணத்தை நான் சொல்வேன்.

மேசையில் இருக்கிற பெட்டியை வடிவாகப் பார். அது நீ செய்ததல்ல. அதன் துளை வேறு, பலகை வேறு. அது ஷெட் சுவரிலிருந்து நான் கழற்றிய ராசன் அண்ணையின் பெட்டி. ஒஷாவாவுக்கு அது வராது. தூக்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடு. மூடியைத் திறக்காதே, வெறுமையாகக் கொடுக்கவில்லை, உள்ளே வெற்றிலை பாக்கோடு உன் கல்யாணக் காட் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவேன். நீ அதற்குள் போய்ச் சொல்லியிருந்தால், முட்டைகளைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வருவேன். போகாவிட்டால், மோர்மிளகாய்த் தட்டோடு அந்தப் படத்தையும் கொண்டுபோவேன்.

அம்மா